ரிங்கிட் விழ ஒரு வேண்டுதல்

சொந்த நாட்டுப் பணம் விழ வேண்டும் என்று பத்துமலையில், அதுவும் தைப்பூசத்தன்று, முருகன் முன்னால் கைகூப்பி நின்றவள் நான். தேசிய தினத்துக்கு வாசலில் கொடி கட்டுகிற வீடு எங்களுடையது. பூப்பந்து ஆட்டத்தில் மலேசியா தோற்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட நான், "முருகா, இந்த ரிங்கிட் கொஞ்சம் எறங்கணும்பா" என்று கேட்டேன். கேட்ட வாயை எங்கே போய்க் கழுவுவது? எப்படி அந்த நிலைமைக்கு வந்தேன் என்று சொல்கிறேன். திட்டுகிறவர்கள் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

எல்லாம் என் வீட்டுக்காரரின் முதுகிலிருந்துதான் ஆரம்பித்தது. அவர் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். மேருவில் இருக்கிற தொழிற்சாலைகளிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு ஏற்றுமதிச் சரக்கு, நடுநடுவே ஷா ஆலமுக்கு ஒரு ஓட்டம். கல்யாணமான நாளிலிருந்து இதே பாதை, இதே குழி, இதே நெரிசல். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அந்தக் குழிகள் எல்லாம் சேர்ந்து அவர் முதுகில் குடியேறிவிட்டன. லோரியிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். சிலிப்பரை மாட்டக் குனிய முடியாது, காலாலேயே துழாவி மாட்டுவார். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், டிஸ்க் நகர்ந்திருக்கிறது, இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒரு நாள் கால் மரத்துப்போய் லோரியிலிருந்து தூக்கித்தான் இறக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். இவர் டாக்டரிடம், "ஓட்டாம வீட்டுல ஒக்காந்தா சோறு யாரு போடறது டாக்டர்?" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த எக்ஸ்ரே படத்தாலேயே அவர் தலையில் ஒன்று போட்டிருப்பேன்.

அவர் வீட்டுச் செலவுக்குத் தருவது மாதம் இரண்டாயிரம் ரிங்கிட். அதை நேராக என் கையில் தர மாட்டார். எங்கள் வீட்டில் எந்த வருமானமும் முதலில் சாமி மேடைக்குத்தான் போகும். பித்தளைத் தட்டில் நோட்டுகளை வைத்து, மேலே ஒரு பூவை வைத்து, ஒரு ராத்திரி அங்கேயே இருக்கும். மறுநாள் குளித்துவிட்டு வந்து, அவர் எண்ணி எடுத்து என்னிடம் தருவார். சம்பளம் பேங்கில் விழ ஆரம்பித்த பிறகும் இந்தப் பழக்கம் மாறவில்லை. மெஷினில் பணத்தை எடுத்து வந்து தட்டில் வைப்பார். ஏன் இந்த வீண் அலைச்சல் என்று நான் கேட்டால், "சாமி கண்ணுல படாத காசு காசா?" என்பார். அது அவருடைய அப்பா தோட்டத்தில் கூலி வாங்கிய காலத்திலிருந்து வருகிற பழக்கமாம். அதை மாற்றச் சொன்னால் என்னையே மாற்றிவிடுவார்.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சரக்கைக் கப்பலேற்றத் தேவையான தாளெல்லாம் தயார் செய்கிற இடம். காலையிலிருந்து மாலை வரை டாலரில் இன்வாய்ஸ் அடிப்பதே என் பிழைப்பு. அதனால் டாலர் எனக்கு நன்றாகத் தெரிந்த ஆள் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

என் ஐம்பத்தைந்தாவது வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அதே சமயம் அப்பா எனக்கு விட்டுப்போன பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டும் விலை போனது. நான் ஒரே பிள்ளை, பங்கு கேட்க யாருமில்லை. புத்தி சொல்லத்தான் ஊரே இருந்தது. நிலம் வாங்கு என்றார்கள், நகை வாங்கு என்றார்கள். ஒருத்தி தன்னுடைய சீட்டில் பெரிய தொகையாகச் சேரச் சொன்னாள். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஆபீஸ் இடைவேளையில் ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, அமெரிக்கப் பங்குகளை வாங்கிப் போட்டேன். ஏறி இறங்கி விளையாடுகிற பங்குகள் வேண்டாம், டிவிடெண்ட் தருகிறவை மட்டும். அதாவது, கம்பெனி தன் லாபத்தில் ஒரு பகுதியைப் பங்கு வைத்திருக்கிறவர்களுக்குப் பிரித்துத் தரும். பற்பசை, சோப்பு, குளிர்பானம் விற்கிற கம்பெனிகளாகப் பார்த்து எடுத்தேன். உலகம் பல் தேய்க்கிற வரைக்கும் எனக்குப் பணம் வரும் என்று கணக்கு.

பணம் வந்தது. முதலில் அமெரிக்க அரசாங்கம் நூற்றுக்கு முப்பதை வரியென்று எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை அனுப்பியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது சும்மாவா? போகட்டும், அதையும் கழித்துத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். கணக்கில் நான் கெட்டி.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துமலைக்குப் போய் முதல் வேண்டுதலை வைத்தேன். மூன்று மாதத்துக்கொரு முறை வருகிற டிவிடெண்ட் ஆறாயிரம் ரிங்கிட்டைத் தொட்டுவிட்டால், அவர் தருகிற இரண்டாயிரத்துக்கு ஈடாகிவிடும். "ஆறாயிரம் வந்துட்டா இவரு லோரியவிட்டு எறங்கிரணும் முருகா. திரும்ப அதுல ஏறவே கூடாது. ரெண்டு பேரும் பால்குடம் எடுக்கறோம்." இவ்வளவுதான் நான் சொன்னது. இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். வருமானம் டாலரில் வருகிறது, வேண்டுதலை ரிங்கிட்டில் வைத்துவிட்டேன். ஆனால் முருகனிடம் போய் யாராவது டாலரில் பேசுவார்களா? நாள் முழுக்க டாலரில் இன்வாய்ஸ் அடிக்கிறவளுக்குச் சாமி சந்நிதியில் ரிங்கிட்தான் வாயில் வந்தது.

பிறகு ரிங்கிட் சரியத் தொடங்கியது. ஒரு டாலருக்கு நான்கு ரிங்கிட் எழுபது காசைத் தாண்டியது. பேப்பரைத் திறந்தால் புலம்பல். ஆபீசில் முதலாளி புலம்பினார், மகனை வெளிநாட்டில் படிக்க வைத்திருந்த மேனேஜர் புலம்பினார். நானும் அவர்களோடு சேர்ந்து, "ஐயோ பாவம், எங்க போகுதோ நாடு" என்று தலையை ஆட்டினேன். உள்ளே எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அந்தப் பற்பசைக் கம்பெனி ஒரு சென்ட் கூட்டித் தரவில்லை. ரிங்கிட் மெலிய மெலிய என் டிவிடெண்ட் தானாகவே பருத்தது. அந்த முறை டாலரை மாற்றி எடுத்து வந்து தட்டில் வைத்தபோது ஆறாயிரத்துக்கு மேலே கொஞ்சம் சில்லறையும் இருந்தது.

அவர் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நெசமாவே வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ இது வரும். நீங்க எறங்கிருங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அன்றைக்கே லோரிச் சாவியைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்துவிட்டார். அவருடைய முதலாளி ஒரு சீனர், நாங்கள் தவுக்கே என்றுதான் சொல்வோம். அவர் சிவப்பு உறையில் ஐநூறு ரிங்கிட் அங்பாவ் வைத்துக் கொடுத்தாராம். அதுவும் தட்டுக்கு வந்தது. தைப்பூசத்தில் இரண்டு பேரும் பால்குடம் எடுத்தோம். முதுகைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறிய மனுசனைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஏறினேன். என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

அதற்கப்புறம் என் ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், யாராவது இவர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டியதுதான். "அவருக்கு இப்ப அமெரிக்காவுலேர்ந்து சம்பளம் வருது லா" என்பேன். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர் தர்மசங்கடத்தோடு பாயசத்தைக் குடிப்பார். வீட்டில் இருக்க ஆரம்பித்த சில மாதத்திலேயே அவருடைய நடை நிமிர்ந்தது. காலையில் தனியாகப் பாசாருக்கு நடந்து போய் மீன் வாங்கி வந்தார். ஒரு நாள் குனிந்து சிலிப்பர் வாரைக் கையால் இழுத்து மாட்டினார். அதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அடுப்படியில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

அப்புறம் ரிங்கிட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. நான்கு எழுபது நான்கரை ஆனது. நடுவில் கொஞ்சம் ஆட்டம் காட்டிவிட்டு நான்கு இருபது ஆனது. கடைசியில் நான்கை எட்டிப் பார்த்தது. நாடு முழுக்கச் சந்தோஷம். முதலாளி சிரித்தார், மேனேஜர் மகனைப் பார்க்க டிக்கெட் எடுத்தார். என் தட்டில் மட்டும் நோட்டு குறைந்துகொண்டே வந்தது. டாலர் கணக்கில் பார்த்தால் அதே பணம், ஒரு சென்ட் குறையவில்லை. ரிங்கிட்டாக்கிக் கொண்டுவந்து வைக்கும்போது ஆறாயிரம் ஐந்தேமுக்கால் ஆனது, ஐந்தரை ஆனது, ஐயாயிரத்துச் சொச்சமாக வந்து நின்றது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே நாடு சாண் ஏறியது, நான் முழம் சறுக்கினேன்.

வேறு யாராக இருந்தாலும் டாலரை டாலராகவே விட்டுவைத்து, ரேட் நன்றாக இருக்கிற நாளில் மாற்றியிருப்பார்கள். எனக்கு அந்தத் தட்டு இருந்தது. மூன்று மாதம் முடிந்தால் தட்டு நிறைய வேண்டும். ஃபோனில் இருக்கிற டாலரைக் காட்டி, "இந்தா பாருங்க, இங்க இருக்கு" என்றால், "அத சாமிக்கிட்ட நீயே சொல்லு" என்பார். அதனால் எந்த ரேட்டாக இருந்தாலும் மாற்றினேன். மாற்றுவதற்கும் ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரரோ ஊரிலேயே பெரிய தேசபக்தர். காலையில் ரேடியோவில் ரிங்கிட் வலுத்தது என்று சொன்னவுடன் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"கேட்டியா? நம்ம ரிங்கிட் டாலருக்கே தண்ணி காட்டுது!"

"ம்."

"என்னா ம்? சந்தோஷப்படு லா. எத்தன வருசம் நம்மள எளக்காரமா பார்த்தானுங்க."

அன்றைக்குச் சாயங்காலம் நல்ல டுரியான் வாங்கிவந்தார். ரிங்கிட் ஏறிய சந்தோஷமாம். எனக்கு உயிரான பழம், அன்றைக்கு ஒரு சுளையோடு எழுந்துவிட்டேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அடுத்த நிமிஷம் சட்டையை மாட்டிக்கொண்டு தவுக்கே வீட்டு வாசலில் போய் நிற்பார், எனக்குத் தெரியாதா? அப்புறம் மறுபடி அந்த லோரி, அந்தக் குழி, அந்த முதுகு. போதாததற்குப் பால்குடம் வேறு எடுத்தாகிவிட்டது. முருகனிடம் போய் அந்தப் பாலைத் திருப்பிக் கொடு என்றா கேட்பது?

ஆக, தட்டில் குறைகிற பணத்தை நானே நிரப்ப ஆரம்பித்தேன். முதலில் என் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்தேன். அது போதவில்லை என்றதும் பிரிக்பீல்ட்சில் ஒரு பூசைச் சாமான் கடையில் சனிக்கிழமைகளில் கணக்கு எழுதப் போனேன். கற்பூரம், ஊதுபத்தி, ஜவ்வாது, குத்துவிளக்கு விற்கிற கடை. கல்லாப் பெட்டிக்கு மேல் தட்டில்தான் ஜவ்வாது டப்பாக்கள் அடுக்கியிருக்கும். கடைக்கார அம்மா சாயங்காலம் கல்லாவிலிருந்து எடுத்துக் கையில் கூலி கொடுப்பார். வீட்டில், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறுவேன். சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற பெண்டாட்டியை எந்தப் புருஷன் சந்தேகப்படுவான்?

அந்தக் கடைக்கு அடுத்தது ஒரு நாணய மாற்றுக் கடை. வாசலிலேயே சிவப்பு எழுத்தில் அன்றைய ரேட் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே போகுமுன் ஒரு தடவை பார்ப்பேன், சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை. நாலு நம்பர் லாட்டரி அடித்தவர்கள் முடிவு பார்க்கிற மாதிரி பார்ப்பேன். கவுண்டரில் இருக்கிற ஆளுக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை.

"ஆன்டி, டாலர் வாங்கறீங்களா, விக்கறீங்களா?"

"சும்மா பாக்கறேன்."

"வாரா வாரம் சும்மாவே பாக்கறீங்களே லா."

"ஏம்பா, இது ஏறுமா எறங்குமா?"

"எனக்கு எப்படி ஆன்டி தெரியும்? ஏறுனாலும் எனக்குக் காசு, எறங்குனாலும் எனக்குக் காசு" என்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று என்னை நானே திட்டிக்கொண்டு ஊதுபத்திக் கணக்கைப் பார்க்கப் போனேன்.

இப்படியே இருக்கும்போதுதான், பால்குடம் எடுத்து இரண்டு வருஷம் கழித்து, தைப்பூசத்துக்கு மறுபடி பத்துமலைக்குப் போனோம். இந்த முறை அவர் படி ஏற வேண்டாம் என்று சொல்லிக் கீழே ஒரு தண்ணீர்ப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக மேலே ஏறினேன். வழியெல்லாம் எனக்கும் முருகனுக்கும் வாக்குவாதம். இவ்வளவு பெரிய நாட்டைத் தூக்கி நிறுத்த உனக்கு இப்போதுதானா நேரம் கிடைத்தது? இன்னும் இரண்டு வருஷம் கழித்து நிறுத்தியிருந்தால் என்ன? நான் அறுபது வயதில் ஓய்வு பெறும்போது எனக்கும் கொஞ்சம் கையில் வரும், அப்போது ஏறட்டுமே இந்த ரிங்கிட். சந்நிதிக்கு முன்னால் வந்தபோது சுற்றிலும் ஒரே அரோகரா. யார் காதிலும் விழாது என்ற தைரியத்தில் வாய்விட்டே கேட்டேன்.

"முருகா, இந்த ரிங்கிட் கொஞ்சம் எறங்கணும்பா. பழையபடி டாலர் ஏறணும்."

கேட்டு முடிக்கவில்லை, பக்கத்தில் மஞ்சள் புடவை கட்டியிருந்த ஒரு அம்மா என்னைவிடச் சத்தமாக வேண்டிக்கொள்வது கேட்டது. "முருகா, ரிங்கிட் இன்னும் ஏறணும்பா. டாலர் அப்படியே படுத்துக்கணும்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூட்டம் தள்ளிக்கொண்டு வந்து இரண்டு பேரையும் ஒரே தூணருகில் விட்டது.

"என்னக்கா, ரிங்கிட்டுக்கா வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. மக அமெரிக்காவுல படிக்கிறா. முன்ன டாலர் ஏறிக் கெடந்தப்போ ஃபீஸ் கட்டறதுக்குள்ள என் தாலிக்கொடி வரைக்கும் அடகுக்குப் போயிருச்சு. இப்பதான் மூச்சு விடறேன். நீங்களும் எனக்காக ஒரு வார்த்த சேத்து வேண்டிக்கங்க லா."

அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்றா சொல்வது? "கண்டிப்பா வேண்டிக்கறேன்கா" என்றேன். என் கையிலிருந்த திருநீற்றில் பாதியை அவள் கையில் கொட்டினேன். அவள் என் நெற்றியில் பூசிவிட்டு, "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டாள். முருகன் இரண்டு பெண்டாட்டிக்காரன், இரண்டு பக்கத்துக் கோரிக்கையையும் கேட்டுச் சமாளித்துப் பழகியவன், அவன் பாடு என்று நானும் இறங்கினேன். கீழே பந்தலில் அவர் கண்ணை மூடி, கைகூப்பி உட்கார்ந்திருந்தார். வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சரி, பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

முருகன் அந்த மஞ்சள் புடவையின் பேச்சைத்தான் கேட்டான். ரிங்கிட் இன்னும் ஏறியது. அடுத்த டிவிடெண்ட் வந்தபோது தொள்ளாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் துண்டு விழுந்தது. கடைக்கார அம்மா இந்தியாவில் இருக்கிற உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் கடை ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. சனிக்கிழமைக் கூலி இல்லை. என் சம்பளத்தில் மிச்சம் பிடித்திருந்ததும் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் வந்ததை அப்படியே தட்டில் வைத்தேன். அன்றிரவு படுத்தேனே தவிரத் தூங்கவில்லை.

காலையில் அவர் குளித்துவிட்டு வந்து தட்டை எடுத்து, கூடத்தில் உட்கார்ந்து எண்ணினார். நான் கதவருகே நின்றேன். தப்பு செய்துவிட்டு டீச்சர் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. எண்ணி முடித்தவர் நோட்டுக்கட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"இந்தத் தடவ வாசமே இல்லையே."

"என்ன வாசம்?"

"எப்பவும் பாதி நோட்டு மெஷின்லேர்ந்து வந்த நோட்டு, மொறுமொறுன்னு இருக்கும். மீதி நோட்டு கசங்கிப்போய் ஜவ்வாது வாசம் அடிக்கும். அமெரிக்காக்காரன் டிவிடெண்டுக்கு ஜவ்வாது பூசியா அனுப்பறான்?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. என் புளுகு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியதே பெரிய விஷயம். மாட்டிக்கொண்டால் பணிந்து போகிற புத்தி எனக்குக் கிடையாது. பாய்ந்தேன்.

"தெரிஞ்சுக்கிட்டே சும்மா ஒக்காந்திருந்தீங்களா?"

"நீ கோயிலுக்குப் போறேன்னு சொன்ன. கோயில் விஷயத்துல நான் தலையிடறது இல்ல."

"ரிங்கிட் ஏறுச்சு ரிங்கிட் ஏறுச்சுன்னு டுரியான் வாங்கிட்டு வந்தீங்களே! அது ஏற ஏற என் டிவிடெண்டு எறங்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? எங்க நீங்க மறுபடி லோரியில போய் ஏறிருவீங்களோன்னு நான் செத்துப் பொழைச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க என்னடான்னா டுரியான் உரிக்கறீங்க!"

"மொத டுரியான் சந்தோஷத்துல வாங்குனதுதான்" என்றார். "அதுக்கப்புறம் வாங்குனதெல்லாம், எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நீ கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு வாங்குனது."

அவர் நோட்டுக்கட்டைத் தட்டில் வைத்தார். பிறகு அவர், ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"தீபாவளி முடிஞ்சு ஒரு நாள் தவுக்கேயப் போய்ப் பார்த்தேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? சாவி கேக்கத்தான். நீ மட்டும் சனிக்கெழமகூட ஓயாம ஓடற. நான் மீன் வாங்கிட்டு ஒக்காந்திருக்கவா?"

"ஐயோ, அந்த முதுக வெச்சுக்கிட்டா? குடுத்துட்டானா?"

"எங்க குடுத்தான். ரிங்கிட் ஏறிப்போச்சுன்றான். நம்ம சரக்கு வெளிநாட்டுக்காரனுக்கு இப்ப வெல கூடிப்போச்சாம். மேரு ஃபேக்டரிக்காரன் பாதி டிரிப்ப வெட்டிட்டானாம். இருக்கற டிரைவருக்கே ஓட்டம் இல்ல, ரெண்டு லோரி சும்மா நிக்குது. டாலர் மட்டும் பழையபடி ஏறட்டும், மொத ஆளா ஒன்னத்தான் கூப்பிடுவேன்னு தோள்ல தட்டி அனுப்பிட்டான்."

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். "அதான் தைப்பூசத்துக்கு நீ மேல ஏறுனப்போ, நான் பந்தல்ல ஒக்காந்து, டாலர் கொஞ்சம் ஏறணும் முருகான்னு வேண்டிக்கிட்டேன். நீ திட்டுவேன்னு சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது. மேலே நான், கீழே அவர், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் ஒரே மலையில் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறோம். முருகன் அதைக் கொடுத்திருந்தால் தவுக்கே மறுநாளே ஃபோன் அடித்திருப்பான். தட்டில் ஆறாயிரம் நிறைந்திருக்கும். இவர் கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடி அந்த லோரியில் ஏறியிருப்பார். நான் அவனிடம் முதலில் கேட்டது, இவர் திரும்ப லோரி ஏறவே கூடாது என்றுதான். பணத்தைப் பார்த்த அவசரத்தில் அதை நானே மறந்துவிட்டேன்.

"எத்தன கொறையுது?" என்று அவர் கேட்டார்.

"தொள்ளாயிரத்துச் சொச்சம். மூணு மாசத்துக்கு."

"அப்படின்னா மாசம் முந்நூறு. இதுக்கா ஜவ்வாதுக் கடைக்குப் போன?" என்று சிரித்தார். "நான் நல்லா இருந்தப்போகூட அவ்வளவையும் கடையில தே தாரேக் டீயிலயும் சிகரெட்டுலயும் விட்டவன்தான். கொறைச்சுத் தின்போம் லா. டுரியான் வேணாம்."

அன்றைக்குத் தட்டில் இருந்த பணத்தை அவர் குறையோடேயே எடுத்து என் கையில் கொடுத்தார். வாங்கி அடுப்படி டப்பாவில் வைத்தேன். சனிக்கிழமைக் கடையை நான் விடவில்லை, அந்த அம்மா திரும்பி வந்ததும் மறுபடி போகிறேன். இப்போது சொல்லிவிட்டுப் போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். நாணய மாற்றுக் கடைப் பலகையை இப்போதும் பார்க்கிறேன். கவுண்டர்க்காரர் கையைக் காட்டுகிறார்.

போன வாரம் காலையில் ரேடியோவில் மறுபடி சொன்னார்கள், ரிங்கிட் இன்னும் வலுத்திருக்கிறதாம். அவர் சிலிப்பர் மாட்டக் குனிந்துகொண்டிருந்தார். சட்டென்று நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரேடியோவை அணைக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டுங்க" என்றேன். "நல்ல சேதிதானே, கேப்போம்."

அவர் மீன் வாங்கக் கிளம்பிப் போனார். முதுகு நேராக இருக்கிறதா என்று முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மஞ்சள் புடவை அக்காவின் மகளுக்கு இன்னும் எத்தனை வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டு வைத்திருக்கலாம்.